லில்லிபாய் நாலு எட்டு ஒண்ணு

“…அதுனாலயாக்கும் மக்கா சொல்லுதேன், நாலு பேரு காதுல போடாத காரியம் நம்ம தலையில நிக்காது. இப்போ பாரு, முந்நூறு பேரு காதுல போட்டாச்சு. இனி எனக்கு மறக்குமா?”

டெஸ்டிங் அண்ணன் இதைச் சொன்னபோது அவர் கையில் மைக் இருந்தது. மைக் ஆனில் இருந்தது. அதனால் இந்தத் தத்துவமும் சேர்ந்தே முந்நூறு பேர் காதில் விழுந்தது. அவர் சொன்ன ‘காரியம்’, அவருடைய கம்ப்யூட்டரின் பாஸ்வேர்ட்.

கேரள எல்லைப் பாறசாலையில் தொடங்கி நெய்யாற்றின்கரை வரைக்கும் கடை வைத்திருக்கிற அத்தனை பேரிலும், கம்ப்யூட்டரிடம் ஒரு தடவைகூடத் தோற்காத ஒரே மனிதர் டெஸ்டிங் அண்ணன்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். தோற்றதெல்லாம் கம்ப்யூட்டர்தான். அதை என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வரும்போது அவர் முகத்தில் கவலை இருக்காது. அதன் முகத்தில்தான் இருக்கும்.

உதியன்குளங்கரை ஜங்ஷனில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. நான் இந்த வேலையைப் படித்துக் கற்றவன் அல்ல, திறந்து பார்த்துக் கற்றவன். திறந்து பார்த்ததில் கம்ப்யூட்டரைவிட மனிதர்களைத்தான் அதிகம் தெரிந்துகொண்டேன். பேக்கரிக்காரர் ஒருவர் பாஸ்வேர்டை கேக் பெட்டியின் மூடியில் எழுதி வைத்து, அந்தப் பெட்டியிலேயே யாருக்கோ பிறந்தநாள் கேக் கொடுத்து அனுப்பிவிட்டார். சிமென்ட் கடைக்காரரின் கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே அரைச் சட்டி சிமென்ட் இருக்கும். மருந்துக்கடைக்காரர் தன் ஈமெயிலைத் திறக்க வேண்டுமென்றால், அதைத் தொடங்கிக் கொடுத்த மச்சினன் வளைகுடாவிலிருந்து லீவில் வர வேண்டும். இவர்கள் ஆளுக்கொரு தப்பு செய்தவர்கள். எல்லாத் தப்பையும் ஒரே கடைக்குள் சேர்த்து வைத்திருந்தவர் டெஸ்டிங் அண்ணன்.

தொழில் மைக்செட். கோயில் கொடியேற்று, சபை ஆண்டுவிழா, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான். “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி, பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது.

கேசட்டும் சிடியும் போன பிறகு பாட்டெல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்றானதும், என்னிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார். அவர் கேட்ட முதல் கேள்வி, “இது எத்தன வாட்ஸ் மக்கா?”

“அண்ணே, மடியில் வைக்கிற மாதிரி சின்னது ஒண்ணு உண்டு. மடக்கிப் பையில போட்டுட்டுப் போகலாம்” என்றேன்.

“மடக்குத சாமானத்த எனக்கு நம்பிக்க இல்ல. எத்தன மடக்கு நாக்காலியில இருந்து விழுந்திருக்கேன் தெரியுமா?”

ஆகவே மேஜைக் கம்ப்யூட்டர்தான், எந்த ஊருக்கும், பூப்போட்ட போர்வையில் சுற்றி, ஆட்டோவின் பின்சீட்டில் நோயாளியைப் போலப் போய் வந்தது. கடையில் அதை வைத்திருந்த இடம் பெரிய பாஸ் ஸ்பீக்கரின் தலை. “ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளையளு, ஒண்ணுக்கொண்ணு தொணையா இருக்கட்டு” என்றார். பாட்டுப் போட்டால் மவுஸ் தானாக நடந்து விளிம்புவரை வந்து, எட்டிப் பார்த்து, கீழே குதிக்கும்.

அணைப்பது இன்னும் விசேஷம். பிளக்கைப் பிடித்து ஒரே இழுப்பு.

“ஐயோ அண்ணே, அப்படிப் பிடுங்கக் கூடாது. அணைக்கிறேன்னு அதுகிட்ட சொல்லணும். அது உள்ளே எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டுத் தானா அணையும். அதுவரைக்கும் காத்திருக்கணும்.”

“எலே, சாமானம் எனக்கதா, நான் அதுக்கதா? வெளக்க அணைக்கதுக்கு வெளக்குகிட்ட அனுமதி கேட்பியா?”

“உள்ளே இருக்கிறது கெட்டுப்போகும்.”

“உள்ள என்ன, பாலா இருக்கு?”

புதுப்பித்துக்கொள்ளவா என்று அந்த மெஷின் ஐந்து வருஷம் கெஞ்சியது. அவரும் ஐந்து வருஷம் ‘பிறகு’ என்பதையே அமுக்கினார். கல்யாணத் தரகரிடம் சொல்வதுபோல வாய்விட்டும் சொல்வார்: “இப்போ நேரமில்ல, பிறவு பாக்கலாம்.” ஒரு சாயங்காலம், அம்மன் கோயில் திருவிழாவில் தாலப்பொலி கிளம்பி, விளக்குத் தட்டோடு நூறு பெண்கள் வரிசையாக நிற்கையில், மெஷினுக்குப் பொறுமை போய்விட்டது. பாட்டு நின்றது. நீலத் திரை. அதில் ஒரு சதவீதம் என்று எழுத்து. அணைக்காதே என்று கீழே எச்சரிக்கை.

கமிட்டிக்காரர்கள் ஓடி வந்தார்கள். இன்னொருவர் என்றால் வியர்த்திருப்பார். அண்ணன் மைக்கை எடுத்தார்.

“பக்த ஜனங்ஙளுடெ ஸ்ரத்தைக்கு! நம்முடெ கம்ப்யூட்டர் புதுக்கிக்கொண்டிரிக்குகயாணு. இப்போள் பதினொண்ணு சதமானம்.”

இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அறிவிப்பு. மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. முப்பத்தேழு என்றபோது குழந்தைகள் கை தட்டினார்கள். அறுபதில் செண்டைக்காரர்கள் தாங்களாகவே ஒரு தட்டு தட்டினார்கள். தொண்ணூற்றெட்டில் பத்து நிமிஷம் நின்றுவிட்டது. ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. நூறு என்று அண்ணன் கத்தியதும் பெண்கள் குரவையிட்டார்கள். அடுத்த வருஷம் கமிட்டிக்காரர் ஒருவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “அந்த எண்ணுத காரியம் இந்தத் தடவையும் உண்டா?” என்று விசாரித்ததாகக் கேள்வி.

போனில் ஏமாற்றுகிறவர்கள்கூட அவரிடம் தப்பவில்லை. உங்கள் பெயரில் வந்த பார்சல் பிடிபட்டிருக்கிறது, போனில் வந்த நம்பரைச் சொல்லுங்கள் என்று ஒருவன் அழைத்தான். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் அண்ணனுக்குக் காது கேட்கவில்லை. போனை மைக்கின் வாயில் வைத்தார். “நம்பரைச் சீக்கிரம் சொல்லுங்க சார்” என்று அவன் குரல் நாலு குழாய் வழியாக ஜங்ஷன் முழுக்கக் கேட்டது. டீக்கடையிலிருந்து ஒருவர், “பறையல்லே சேட்டா! சொல்லாதிங்க!” என்று கத்தினார். ஆட்டோ ஸ்டாண்டு, மீன்காரி, பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் ஒரே குரலில், “பறையல்லே!” அந்தப் பக்கம் போன் விழுந்த சத்தம்கூட ஸ்பீக்கரில் கேட்டது.

“பாத்தியா, இதாக்கும் செக்யூரிட்டி” என்றார் என்னிடம்.

இப்போது பாஸ்வேர்டுக்கு வருகிறேன். அண்ணனுக்கு ஞாபக மறதி உண்டு. ஆனால் அது கையில் மைக் இல்லாதபோது மட்டும். ரேஷன் கடையில் நின்று தன் போன் நம்பரைச் சொல்லத் தெரியாமல் விழிப்பார். அதே மனிதர் திருவிழா மைக்கில் அதே நம்பரை இரண்டு பாஷையிலும் தடங்கலில்லாமல் ஒப்பிப்பார். கம்ப்யூட்டர் வாங்கியபோது மனைவியின் பெயரையும் பழைய ஸ்கூட்டரின் நம்பரையும் சேர்த்து ஒரு பாஸ்வேர்ட் வைத்தார். அது மறக்காமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழியை உலகத்தில் வேறு எவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு விழாவிலும் மைக் டெஸ்ட் பண்ணும்போது அதையே சொன்னார்.

டொக், டொக். “ஹலோ. லில்லிபாய் நாலு எட்டு ஒண்ணு. ஹலோ. லில்லிபாய் நாலு எட்டு ஒண்ணு.”

இது பாஸ்வேர்ட் என்று ஊருக்குத் தெரியாது. ஊர் வேறு விதமாகப் புரிந்துகொண்டது. “பாருங்க, அந்த மனுசன் எங்க போனாலும் மொதல்ல பெண்டாட்டி பேர அல்லவா சொல்லுதாரு! நீங்க எனக்க பேரச் சொல்லி எத்தன வருஷமாச்சு?” என்று பல வீடுகளில் சண்டை வந்தது. லில்லி அக்கா பேருக்கு வெட்கப்பட்டுக்கொள்வார். ஆனால் மைக் டெஸ்ட் நேரத்தில் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அவர் பெயர் அவருக்குக் கேட்கும்.

அதே பாஸ்வேர்டைத்தான் ஈமெயிலுக்கும், போனில் வழி காட்டும் மேப்பில் இருந்த கடைப் பக்கத்துக்கும், கரண்ட் பில் கட்டுகிற இடத்துக்கும் வைத்திருந்தார். “வீட்டுக்கு வாசல் பத்து இருந்தாலும் தாக்கோல் ஒண்ணு போதும்லா” என்று இடுப்புச் சாவியைத் தட்டிக் காட்டுவார்.

ஸ்டெல்லா டீச்சரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சபையில் பாடகர் குழுவை நடத்தியவர். பாதி ஊருக்கு ஆறாம் வகுப்பு எடுத்தவர். அண்ணனோடு அவருக்கு இருபது வருஷச் சண்டை. காரணம், பாட்டு உச்சத்துக்குப் போகும்போது அண்ணனுடைய ஸ்பீக்கர் ‘கூ’ என்று ஊளையிடும். ஒரு கிறிஸ்மஸ் ஒத்திகையை அண்ணன் கம்ப்யூட்டரில் பதிவு செய்தபோது பாட்டோடு சேர்த்து டீச்சரின் ஏச்சும் பதிவாகிவிட்டது. அதற்கு அண்ணன் வைத்த பெயர் ‘புதியது ஏழு’. அவரிடம் எல்லாமே ‘புதியது’தான். புதியது இரண்டு, புதியது ஏழு, கடைசி, நிஜமாகக் கடைசி. அம்மன் பாட்டு எது, சபைப் பாட்டு எது என்று திறந்தால்தான் தெரியும்.

ஒரு நாள் கோயில் அன்னதானத்தில் பக்திப் பாட்டு என்று நினைத்து ‘புதியது ஏழு’ என்பதை அமுக்கினார். குழாயில் டீச்சரின் குரல் வெடித்தது:

“ஏய் டெஸ்டிங்! அந்தக் கூவல நிறுத்துதியா, நான் எறங்கி வந்து வயரப் பிடுங்கட்டா? பின்வரிசைக்காரிகளே, வாயத் தொறந்து பாடுங்க, கொசு ஒண்ணும் கேறாது!”

சாம்பார் வாளியோடு நின்றவர் நின்ற இடத்தில் நின்றார். பிறகு பாட்டு தொடங்கியது. டீச்சரே மெட்டுப் போட்ட பாட்டு. அவர் குரல் மட்டும் தனியாக மேலே ஏறிப் போகும். அண்ணன் பதறி மாற்றப் போனார். பந்தியிலிருந்து பெரியவர் ஒருவர் கையைக் காட்டினார். “மாத்த வேண்டாம் டேய். டீச்சரில்லா பாடுதா. முடியட்டு, பிறவு சாம்பார் ஊத்தினாப் போரும்.”

மறுநாள் டீச்சர் கடைக்கே வந்து நேரிலும் ஏசினார். அதுதான் அவர் கடைசியாக ஏசியது. அடுத்த மாதம் தொண்டையில் ஆபரேஷன். உயிருக்கு ஒன்றுமில்லை, நன்றாகத் தேறி வந்துவிட்டார். குரல்தான் திரும்பவில்லை. அதன்பின் கழுத்தில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் தொங்கும். எழுதிக் காட்டுவார். அண்ணனுக்கு மட்டும் எப்போதும் ஒரே வரி: ‘சத்தத்தைக் குறை.’

டீச்சரின் ஒரே மகள் ஷைனிக்குக் கல்யாணம் நிச்சயமானதும், அவள், கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொண்டுவந்திருந்த அண்ணனைத் தேடி என் கடைக்கே வந்தாள்.

“அண்ணா, அம்மாக்க பாட்டு உங்ககிட்ட உண்டுல்லா? சபையிலயும் இல்ல, எங்க வீட்டிலயும் இல்ல. கல்யாணத்தன்னைக்கு நான் மண்டபத்துக்குள்ள காலெடுத்து வைக்கப்போ அந்தப் பாட்டு வரணும். அம்மாட்ட சொல்லாதிங்க. அவங்க முன்வரிசையில இருப்பாங்க. பெறகு அவங்க பாடிக் கேக்க எனக்கு வேற வழி இல்லண்ணா.”

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். மைக் இல்லாமல் அவருக்குப் பெரிய விஷயங்கள் வராது.

அவள் போன பிறகு நான் கேட்டேன். “அண்ணே, அந்தப் பாட்டுக்கு இன்னொரு காப்பி உண்டா?”

“ரெண்டு எடத்துல உண்டு.”

“எங்கெல்லாம்?”

“இந்தக் கம்ப்யூட்டர் திரையில இடது பக்கம் ஒண்ணு. வலது பக்கம் ஒண்ணு.”

பென்டிரைவில் எடுத்துத் தருகிறேன் என்றேன். “அவசரமில்ல, பிறவு பாக்கலாம்” என்றார். மெஷினிடம் ஐந்து வருஷம் சொன்ன அதே வாக்கியம்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில் அந்தக் காரியம் நடந்தது. பனச்சமூட்டிலிருந்து ஒருவர் மலர்வளையத்தோடு வந்து இறங்கி, வாசலில் வயர் சுற்றிக்கொண்டிருந்த அண்ணனிடமே கேட்டார்: “எப்பளாக்கும் அடக்கம்?”

“யாருக்கு?”

“மைக்செட்காரருக்கு.”

“வயர் சுத்தி முடிச்சதும் வச்சுக்கலாம்” என்றார் அண்ணன்.

விஷயம் என்னவென்றால், மேப்பில் அவர் கடைக்குக் கீழே ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று வந்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. “ஊருக்கே பாஸ்வேர்ட சொன்னா இப்படித்தான் அண்ணே. எவனோ உள்ளே புகுந்து விளையாடியிருக்கான்” என்று அன்றைக்கே அவரை உட்கார வைத்துச் சட்டம் போட்டேன். கம்ப்யூட்டரில் தொடங்கி எல்லாவற்றுக்கும் புது பாஸ்வேர்ட் வேண்டும். நீளமாக இருக்க வேண்டும். எங்கும் எழுதக் கூடாது. எவரிடமும் சொல்லக் கூடாது, முக்கியமாக மைக்கில். உலகத்தில் உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயமாக இருக்க வேண்டும்.

“எனக்கு மட்டும் தெரிஞ்சதா?” என்று வெகுநேரம் யோசித்தார். பிறகு என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு ஒற்றை விரலால் அடித்து முடித்தார்.

பிறகுதான் தெரிந்தது, எவனும் புகவில்லை. காட்டாக்கடையில் தங்கை வீட்டுக்கு இரண்டு நாள் போகிறோம், கடை லீவு என்று போட நினைத்து, அவரே கண்ணாடி இல்லாமல் அமுக்கிய அமுக்கு அது. அதற்குள் பாஸ்வேர்ட் மாறிவிட்டது.

அதன் முதல் விளைவு வீட்டில். வெள்ளிக்கிழமை ஒரு பால்காய்ச்சு வீட்டில் மைக் மட்டும் கட்டினார். டொக், டொக். “ஹலோ. ஹலோ.” அவ்வளவுதான். லில்லி அக்கா வாசலில் காது கொடுத்து நின்றார். “ஹலோ.” மறுபடியும் வெறும் “ஹலோ.” அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

சாயங்காலம் என் கடையில் வந்து நின்றார். “தம்பி, உங்க அண்ணனுக்கு என்னவாக்கும் ஆச்சு? இத்தன வருஷமும் எனக்க பேரச் சொன்ன மனுசன். கேட்டா, ‘சொல்லக் கூடாதுன்னு சட்டம்’ங்காரு. எந்தக் கோர்ட்டு போட்ட சட்டம் அது?”

நான் கீபோர்டைத் துடைக்கத் தொடங்கினேன். மூன்று நாள் அக்கா அவரோடு பேசவில்லை.

திங்கட்கிழமை. சபை ஆலயத்தில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. முதல் பந்தியில் இடம் பிடிக்கிற கூட்டம் மட்டும் ஜெபத்தை இருந்த இடத்திலிருந்தே முடித்துக்கொண்டு மண்டபத்தை நிறைத்திருந்தது. முந்நூறு பேர் இருக்கும். நாலு நாளாகப் போர்வைக்குள் கிடந்த கம்ப்யூட்டரை அண்ணன் மேடையோரம் வைத்து, பிளக்கைச் செருகினார். திரை பாஸ்வேர்ட் கேட்டது.

அண்ணன் விரலை நீட்டினார். விரல் அந்தரத்தில் நின்றது.

“மக்கா…” என்றார் என்னைப் பார்த்து. “ஓர்மை வரல்ல.”

“விளையாடாதிங்க அண்ணே.”

“சத்தியமாட்டு வரல்ல.”

“எங்கேயாவது எழுதி வச்சீங்களா?”

“நீ தானடே எழுதப்பிடாதுன்னு சொன்ன.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“நீ தானடே சொல்லப்பிடாதுன்னு சொன்ன!”

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனிதர் நான் சொன்ன அத்தனை பாதுகாப்பு விதிகளையும் ஒன்று விடாமல் கடைப்பிடித்திருக்கிறார். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஒரு தடவை அடித்தார். தப்பு. இன்னொன்று. தப்பு. மூன்றாவதும் தப்பு. இன்னும் ஒரு தடவை தப்பானால் அரை மணி நேரம் திறக்க மாட்டேன் என்று மெஷின் சொல்லிவிட்டது. உள்ளே இருக்கிற டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனால் பாட்டை எடுத்துவிடலாம். போக, கழற்ற, வர ஒரு மணி நேரம். ஆலயத்தில் மணி அடித்தது. கல்யாணம் முடிந்துவிட்டது. படி இறங்கி, போட்டோவுக்கு நின்று வர, பத்து நிமிஷம்.

டீச்சர் முன்கூட்டியே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மரூன் பட்டு, கழுத்தில் அந்த நோட்டு. எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் எழுதிக் காட்டினார்: ‘சத்தத்தைக் குறை.’

அண்ணன் முகம் உடைந்துபோயிற்று. “ஷைனிக்கு நான் தலையாட்டிட்டேனே மக்கா” என்றார். “வேற எவருட்டயும் இல்லன்னு சொல்லிட்டுப் போச்சே அந்தப் பிள்ள.”

பெண்கள் பக்கத்திலிருந்து லில்லி அக்கா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து வந்தார். அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார்.

“என்னவாக்கும் காரியம்?”

சொன்னேன்.

“இதுக்கா ரெண்டு பேரும் வெயர்க்கியோ? தம்பி, இந்த மனுசனுக்குக் கையில மைக் இல்லேன்னா தாலி கட்டினது யாருக்குன்னே ஓர்மை இருக்காது.” ஸ்டாண்டிலிருந்து மைக்கை உருவினார். ஸ்விட்சைத் தட்டினார். மூன்று நாளைக்குப் பிறகு கணவரோடு முதல் வார்த்தை பேசினார். “இந்தாங்க. டெஸ்ட் பண்ணுங்க.”

“லில்லி, இது மைக்ல சொல்லப்பிடாத…”

“டெஸ்ட் பண்ணுங்கன்னு சொன்னேன்லா!”

அண்ணன் மைக்கை வாங்கினார். இடது கையில் மைக், வலது கை விரல் கீபோர்டில். கண்ணை மூடினார். தொண்டையைச் செருமினார். டொக், டொக். முந்நூறு பேரும் திரும்பினார்கள்.

“ஹலோ…” என்றார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வாய் முன்னே போக, விரல் பின்னாலேயே ஓடியது.

“லில்லிபாய்… ஒறக்கத்துல… கொறட்ட விடுவா… நாலு… எட்டு… ஒண்ணு.”

திரை திறந்தது.

மண்டபத்தில் கூரை போகிற மாதிரிச் சிரிப்பு. உலகத்தில் தனக்கு மட்டுமே தெரிந்த விஷயம் வேண்டும் என்று நான்தானே கேட்டேன்! நியாயமாக நான் வெளியே ஓடியிருக்க வேண்டும். லில்லி அக்கா தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“போட்டும் தம்பி” என்றார் தலைப்புக்குள்ளிருந்து. “எனக்க பேரு வந்துச்சுல்லா.”

வாசலில் பட்டாசு. ஷைனி புது மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துப் படியில் கால் வைத்தாள். கண் அண்ணன்மேல் இருந்தது. அண்ணன் ‘புதியது ஏழு’ என்பதை அமுக்கினார்.

“ஏய் டெஸ்டிங்! அந்தக் கூவல நிறுத்துதியா, நான் எறங்கி வந்து வயரப் பிடுங்கட்டா?”

ஒத்திகை ஏச்சை வெட்ட மறந்துவிட்டோம். மண்டபம் மறுபடி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தியது. குரல் யாருடையது என்று எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்துவிட்டது. பின்வரிசைக்காரிகளுக்குக் கொசு பற்றிய உத்தரவாதமும் வந்தது. பிறகு பாட்டு. தனியாக மேலே ஏறிப் போகிற அந்தக் குரல்.

டீச்சர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஷைனி நடந்து வந்து அவர் முன்னால் மண்டியிட்டாள். டீச்சரின் உதடு பாட்டின் கூடவே அசைந்துகொண்டிருந்தது, ஒரு வார்த்தை தவறாமல். அந்தக் காலத்துப் பின்வரிசைக்காரிகளில் ஏழெட்டுப் பேர் மண்டபத்தில் இருந்தார்கள். சொல்லாமலே எழுந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, கூடப் பாடினார்கள். உச்சத்துக்குப் போன இடத்தில், அன்று பதிவான அதே ‘கூ’.

பாட்டு முடிந்ததும் டீச்சர் கண்ணைத் துடைத்துவிட்டு நோட்டில் எழுதினார். தாளைக் கிழித்து மேடைக்குக் கொடுத்தனுப்பினார். அண்ணன் அதை எங்கே படிப்பார்? மைக்கில்தான் படித்தார்.

“டீச்சர் எழுதியிருக்காவ… ‘அந்தக் கூவல் அன்னைக்கும் உன் தப்புதான். இன்னொரு தடவை போடு.’”

இரண்டாவது தடவை பாட்டு ஓடும்போது நான் அவர் காதில் சொன்னேன். “அண்ணே, பாஸ்வேர்ட மறுபடி மாத்தணும். ஊருக்கே கேட்டாச்சு.”

அப்போதுதான் அவர், மைக்கை விலக்காமல், நான் முதலில் எழுதிய அந்த வார்த்தைகளைச் சொன்னார். நாலு பேர் காதில் போடாத காரியம் தலையில் நிற்காது என்று. சொன்னவர் என்னைப் பார்த்தார். திரையில் ஓடிக்கொண்டிருந்த ‘புதியது ஏழு’ என்பதைப் பார்த்தார். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று.

“அப்போ இதுவும் அப்படித்தானடே?” என்றார், மெதுவாக.

அடுத்து அவர் செய்தது இதுதான். “டீச்சர் பாட்டு வேணும்னு உள்ளவங்க போனும் வயரும் எடுத்துட்டு மேடைக்கு வரலாம்” என்று அறிவித்தார். முதலில் ஷைனி வந்தாள். அப்புறம் பின்வரிசைக்காரிகள். அன்னதானத்தில் சாம்பாரை நிறுத்தச் சொன்ன பெரியவர், கோயில் கமிட்டிக்காரர்கள், மலர்வளையம் கொண்டுவந்த பனச்சமூட்டுக்காரர், கடைசியில் லில்லி அக்கா. முதல் பந்தி, இரண்டாம் பந்தி, மூன்றாம் பந்தி எல்லாம் முடிந்தன. அண்ணன் சாப்பிடப் போகாமல் ஒவ்வொரு போனாக வயரைச் செருகிப் பாட்டை ஏற்றிக்கொண்டே இருந்தார்.

எல்லாரும் போன பிறகு பூப்போட்ட போர்வையை எடுத்தார். கை வழக்கம்போல பிளக்குக்குப் போனது. பாதி வழியில் நின்றது. திரும்பி வந்து, மவுஸைப் பிடித்து, அணைக்கட்டுமா என்று அதனிடம் கேட்டார். அது உள்ளே எல்லாவற்றையும் எடுத்து வைத்து முடிக்கும்வரை, ஒரு கையை அதன் தலைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.